பச்சைத் தீவு

அன்றைக்கு அந்த வீட்டில் பச்சையாக எதையும் நறுக்கவில்லை. காலையில் ரொட்டியும் முட்டையும். மதிய டப்பாவில் கட்டிக் கொடுத்தது வேகவைத்த கிழங்கு. அப்படியிருந்தும் சாயங்காலம் கதவைத் திறந்து உள்ளே கால் வைத்த பெரியவளின் மூக்கில், அந்த நிமிஷம்தான் யாரோ ஒரு சுமை புல்லை அறுத்து நடுக்கூடத்தில் கொண்டுவந்து போட்டதைப் போல, ஈரமும் கூர்மையுமாய்ப் பல்லைக் கூச வைக்கிற ஒரு பச்சை வாசனை வந்து முட்டியது.

வேறு யாராவது என்றால் மூச்சை ஒரு இழுப்பு இழுத்து, நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். பெரியவளுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. தலைமுடி நரைக்கிற வரைக்கும் இலைகளோடு மாரடித்தவள். இலைக்குள் வெயிலைப் பிடித்துச் சமைக்கிற பச்சைத் துணுக்குகள் இருக்கின்றனவே, பாடப் புத்தகத்தில் பசுங்கணிகம் என்று போட்டிருப்பார்கள், ஒரு புழு வந்து கடித்தால் அவற்றின் மெல்லிய தோலில் இருக்கும் கொழுப்பு உடைந்து காற்றில் கலக்கும். அதுதான் அந்த வாசனை. நமக்கு மணம், செடிக்கு அலறல். என்னைத் தின்கிறார்கள், யாராவது வாருங்கள் என்கிற அலறல். அதைக் கேட்டு வருவதற்கும் ஆள் உண்டு. பொடிப் பொடிக் குளவிகள் வரும். இலையைத் தின்கிற புழுவைத் தேடிப் பிடித்து அதன் உடம்புக்குள் முட்டையிட்டுவிட்டுப் போகும். இதையெல்லாம் வருடா வருடம் புதுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள் அவள்.

"என்ன நறுக்கின?" என்றாள் செருப்பைக் கழற்றாமலே.

"ஒண்ணும் நறுக்கலையேக்கா. ஏன்?"

"புல் வாசனை அடிக்குது."

"உனக்கு எங்க போனாலும் ஆபீஸ்தான். உக்காரு, டீ கொண்டு வரேன்."

சின்னவள் சமையலறைக்குத் திரும்பினாள். அவள் நடக்க நடக்க ஒரு சத்தம். சரக். சரக். காய்ந்த சருகைத் தரையில் தேய்த்து இழுக்கிற மாதிரி. காலில் செருப்புகூட இல்லை. குதிகால் வெடிப்பாக இருக்கும், ஏதாவது களிம்பு தடவச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பெரியவள் தன்னுடைய நாற்காலியில் சாய்ந்தாள். நினைத்தாளே தவிரச் சொல்லவில்லை. டீ வந்துவிட்டது.

அந்த வீட்டில் இருந்தது அக்கா தங்கை இரண்டே பேர். அப்பா அம்மா ஒருவர் பின் ஒருவராகப் போன பிறகு, பெரியவள் ஆராய்ச்சிக்கூடத்தில் உத்தியோகம் பார்த்தாள். சின்னவள் பெரியவளைப் பார்த்துக்கொண்டாள். காலையில் வெந்நீர், இஸ்திரி போட்ட வெள்ளைக் கோட்டு, அடுக்கு டப்பா, சாயங்காலம் டீ, ராத்திரி சாப்பிட்ட பிறகு காலடியில் உட்காரவைத்துத் தலைவாரி விடுவது வரைக்கும் எல்லாம் சின்னவள் கைதான். சொந்த வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று பெரியவளுக்குத் தெரியாது. யாராவது கேட்டால் அதையும் ஒரு பெருமை மாதிரி சொல்லிச் சிரிப்பாள். நல்ல பெருமைதான்.

இத்தனைக்கும் சின்னவள் சமையலறைக்கென்று பிறந்தவள் இல்லை. நீச்சல்காரி. பள்ளிக்கூட நாளில் குளத்தில் இறங்கினால் கரையில் நிற்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். உடம்பு தண்ணீரைக் கிழிக்காது. தண்ணீரே வழிவிட்டு ஒதுங்குகிற மாதிரி இருக்கும். அந்தப் பெண்தான் ஒரு நாள், கடலோர ஊர் ஒன்றில் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டாள். தங்க அறையும் அவர்களே தருவார்களாம். நேரில் வரச்சொல்லி, நீந்தச் சொல்லிப் பார்த்தார்கள். திரும்பி வந்தபோது முகம் பூரித்துக் கிடந்தது. "கிடைச்சா போகட்டாக்கா?" என்றாள். "போயேன். யார் வேணாம்னா?" என்றாள் பெரியவள். அன்றைக்கு அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள்.

கிடைத்தது. அதுதான் சங்கடம். சின்னவளின் போன் துணி ஊறவைத்த வாளியில் விழுந்து செத்துப்போயிருந்ததால் அக்காவின் நம்பரைத்தான் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். ஒரு காலையில் அந்தப் பள்ளிக்கூடத்து மேலாளரம்மா கூப்பிட்டார். வெடுக் வெடுக்கென்று பேசினாலும் நல்ல மனசுக்காரர் என்று குரலிலேயே தெரிந்தது.

"உங்க தங்கச்சியையே எடுத்துக்கறதா முடிவு பண்ணிட்டோம். எப்ப வந்து சேருவாங்க?"

சின்னவள் அப்போது மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தான் போட வேண்டிய கோட்டு, நன்றாக உதறி, இரண்டு கைகளையும் விரித்துக் கொடியில் தொங்குவது பெரியவளுக்கு ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

"அவளுக்கு உடம்பு சரியில்லைங்க" என்றது நாக்கு.

"அடடா, என்னாச்சு? போன வாரம்கூட நல்லாத்தானே இருந்தாங்க?"

"திடீர்னு முடியாம போயிடுச்சு. அவளால வர முடியாது."

"பாவம். புதுப் பிள்ளைங்க வர்றதுக்கு இன்னும் நாள் கிடக்கு. தேறினா நல்லது. நானே இன்னொரு தடவை கூப்பிடறேன்."

பேசி முடித்ததும் அந்த நம்பரைப் போனிலிருந்து அழித்தாள். ச்சீ, நீயெல்லாம் ஒரு அக்காவா என்று உள்ளே ஒரு குரல் காறித் துப்பியது. நாளைக்குச் சொல்லிவிடலாம், வாயைத் திறந்து ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம் என்று அந்தக் குரலைச் சமாதானப்படுத்தினாள். மாடியிலிருந்து இறங்கி வந்த சின்னவள் கேட்டாள், "போன் அடிச்ச மாதிரி இருந்துச்சே?" பெரியவள், "ஆபீஸ்ல" என்றாள். அன்றிலிருந்து தினமும் ஒரு கேள்வி வந்தது. "இன்னும் கூப்பிடலையேக்கா?" தினமும் ஒரு பதில் போனது. "பெரிய இடம்னா மெதுவாத்தான் நடக்கும்." பதில் சொல்லும்போதெல்லாம் பெரியவள் தட்டைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

அந்தப் புல் வாசனை கிளம்பியது அதற்குப் பிறகுதான்.

முதலில் சமையலறையில் மட்டும் இருந்தது. பிறகு கூடத்துக்கு வந்தது, திரைச்சீலையில் ஏறியது, தலையணை உறைக்குள் புகுந்தது. சின்னவளுக்கு மட்டும் அது தெரியவே இல்லை. வாசனைக்குப் பின்னால் குளவிகள் வந்தன. கடுகில் பாதிகூட இருக்காது ஒவ்வொன்றும். ஜன்னல் வழியாக வந்து, பழத்தட்டையும் விளக்கையும் விட்டுவிட்டு, சின்னவளையும் விட்டுவிட்டு, நேராகப் பெரியவளைச் சுற்றின. ஒருநாள் காலை கண்ணாடி முன்னால் நிற்கும்போது பிடரியில் ஏதோ ஊர்ந்தது. தட்டிவிட்டுப் பார்த்தால் விரல் நுனியில் ஒரு குளவி, வாலில் மயிரிழை மாதிரி நீண்ட ஊசியை வைத்துக்கொண்டு தோலைத் தொட்டுத் தொட்டு இடம் தேடிக்கொண்டிருந்தது. மனுஷத் தோலில் அதற்கு என்ன வேலை? பெரியவள் விரலை உதறினாள். அன்றைக்கே வீட்டின் எல்லா ஜன்னல்களையும் சாத்தித் தாழ் போட்டாள்.

"மூச்சு முட்டுதுக்கா. ஒண்ணே ஒண்ணு திறந்து வையேன்."

"குளவி வருது."

"என்னை ஒண்ணும் பண்ணலையே."

பெரியவள் தாழை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தாள்.

சின்னவள் வெளுத்துக்கொண்டு வந்தாள். வெயிலில் கிடந்த பழைய பேப்பரின் நிறம் முதலில் நெற்றியில் வந்தது, பிறகு கழுத்தில் இறங்கியது. முடியின் கருப்பு பழுப்பாகி, பழுப்பும் நீர்த்தது. பேச்சில் காற்றுதான் அதிகமிருந்தது. சரக் சரக் சத்தம் மட்டும் நாளுக்கு நாள் கூடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவளுக்கே பொறுக்காமல், "காலைக் காட்டு" என்று தரையில் உட்கார்ந்து அந்தப் பாதத்தைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். கனமே இல்லை. மஞ்சளாய், தகடாய், நரம்புகள் மட்டும் புடைத்து, அவற்றுக்கு இடையில் தோல் ஒட்டிக் காய்ந்து கிடந்தது. ஜன்னல் வெளிச்சம் பாதத்தின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தது. சுண்டுவிரலை லேசாகத்தான் தொட்டாள். ஓரம் நொறுங்கி அவள் புடவையில் உதிர்ந்தது. ரத்தம் வரவில்லை.

"வலிக்குதா?"

"இல்லையே. கால்னு ஒண்ணு இருக்கிற ஞாபகமே இல்லக்கா." சின்னவள் சிரித்தாள். பிறகு எதையோ காட்டி அக்காவைத் தேற்றுகிறவள் மாதிரி இரண்டு கைகளையும் நீட்டினாள். "ஆனா கையைப் பாரேன். எப்படி இருக்கு!"

கை தளதளவென்று இருந்தது. மணிக்கட்டு வரைக்கும்தான் அந்த மஞ்சள். அதற்குக் கீழே கோடு போட்டு நிறுத்திய மாதிரி நல்ல ரத்த ஓட்டம், கொழுகொழு விரல்கள், பளபளக்கிற நகம். நாளெல்லாம் தண்ணீரிலும் சோப்பிலும் கிடக்கிற கை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அப்பாடா, பெரிதாக ஒன்றும் இல்லை என்று பெரியவள் நினைத்தாள்.

ஒரு கடமைக்காகத் தெருமுனை டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனாள். சின்னவள் முழுக்கைச் சட்டை போட்டு, கால்களுக்குத் தடித்த காலுறை மாட்டிக்கொண்டாள். டாக்டரம்மா நாடி பிடித்தார், கையில். விரலில் கிளிப்பை மாட்டி உயிர்க்காற்று எவ்வளவு என்று பார்த்தார். விரல் நுனியைக் குத்தி ஒரு சொட்டு எடுத்தார். நகத்தை அழுத்தி, வெளுத்துச் சிவப்பதைப் பார்த்தார்.

"எல்லாம் அருமையா இருக்கே! இந்தக் கையைப் பார்த்தா காலேஜ் போற பொண்ணுன்னு சொல்லலாம். முகம்தான் கொஞ்சம் வாடியிருக்கு. ஓய்வு எடுக்கட்டும்."

காலுறையைக் கழற்றிக் காட்டு என்று பெரியவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லிவிட்டால்? அங்கே யாராவது, எப்போதிருந்து இப்படி, என்ன நடந்தது என்று நோண்டிக் கேட்டால்? மறுநாள் காலை யார் அடுப்பைப் பற்றவைப்பது? இந்தக் கடைசிக் கேள்வி மனசில் எழுந்ததும் அவளுக்கே உடம்பு கூசிவிட்டது. ஆனாலும் வார்த்தையை மென்று விழுங்கிவிட்டு, "டாக்டரே சொல்லிட்டாங்க பாரு" என்று தங்கையின் தோளில் கை வைத்தாள். சட்டைக்கு உள்ளே தோள் மொறுக்கென்றது.

அது மரங்களில் இலை பழுக்கிற பருவம். ஆராய்ச்சிக்கூடத்துத் தோட்டத்தில் மஞ்சள் இலைகள் கொட்டிக் கிடந்தன. புதுப் பிள்ளைகளுக்கு முதல் பாடம் அந்தப் பருவத்தில்தான் வைப்பது வழக்கம். பெரியவள் ஒரு இலையைப் பொறுக்கிக்கொண்டு வந்து வெளிச்சப் பெட்டியின் கண்ணாடிமேல் வைத்தாள். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். புழு வளர்க்கிற பிரிவின் தலைவர், எல்லோரும் பூச்சிக்காரர் என்று கூப்பிடுகிற வாயாடி மனுஷர், ஓரமாக நின்று தன் டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

இலை முழுக்க மஞ்சள். நடுவில் மட்டும் திட்டாக ஒரு பச்சை.

"எந்த இடம் ஆரோக்கியமா இருக்கு?" என்று கேட்டாள்.

எல்லா விரலும் பச்சையைக் காட்டின. வருடா வருடம் அதுதான் நடக்கும்.

"அதுதான் முதல் தப்பு" என்றாள், வருடா வருடம் சொல்கிற அதே குரலில். "பச்சையா இருக்கேன்னு சந்தோஷப்படாதீங்க. நடுவுல யார் இருக்காங்கன்னு பாருங்க."

குனிந்து பார்த்தார்கள். பச்சைக்கு நடுவில், இலையின் இரண்டு தோலுக்கும் இடையில், கருப்பாகச் சுருண்டு கிடந்தது ஒரு புழு. அவள் விளக்கினாள். இந்த இலை கிளம்ப வேண்டிய இலை. பச்சையைக் கலைத்து, சத்தையெல்லாம் கிளைக்கு அனுப்பிவிட்டு, உதிர்ந்து போக வேண்டியது. ஆனால் புழுவுக்கு இன்னும் வயிறு நிறையவில்லை. அதன் குடலில் குடியிருக்கிற நுண்ணுயிர்கள் ஒரு சாற்றைச் சுரக்க வைக்கும். நீ இன்னும் இளசுதான், போகாதே, இரு என்று இலையை நம்ப வைக்கிற சாறு. அதனால் புழுவின் வாயைச் சுற்றி இருக்கிற இடம் மட்டும் சாகாமல் வெயிலைச் சமைத்துக்கொண்டே இருக்கும். மற்ற இடமெல்லாம் காய்ந்துவிடும்.

"இலை சாகிறது அந்தப் புழுவுக்குத் தெரியுமா மேடம்?" என்றாள் முன்னால் நின்ற ஒரு பெண்.

பூச்சிக்காரர் முந்திக்கொண்டார். "அதுக்கு எப்படிம்மா தெரியும்? அதோட வாய்க்கு எட்டுற தூரம் வரைக்கும் பச்சையாத்தானே இருக்கு!"

பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவளும் சிரிப்பதற்காக வாயைக் கோணினாள். சிரிப்பு வரவில்லை. கண் முன்னால் இரண்டு கைகள் நீண்டன. மணிக்கட்டில் ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் பச்சை.

சோறு போடுகிற கை. தலை வாருகிற கை. கோட்டை உதறிக் காயப்போடுகிற கை. கால் எதற்கு? கால் இருந்தால் போய்விடுவாள்.

"என்ன மேடம், முகம் இப்படி ஆயிடுச்சு? பசியா?" பூச்சிக்காரர் மேஜைமேல் இருந்த அடுக்கு டப்பாவைத் தட்டினார். "தங்கச்சி கை மணம் இருக்கும்போது உங்களுக்கு என்ன கவலை? அவங்க இல்லைன்னா நீங்க பட்டினிதான்!"

டப்பாவிலிருந்து சூப்பின் வாசனை வந்தது. அந்த நேரத்திலும், அந்தக் கேவலத்திலும், அவள் வாயில் எச்சில் ஊறியது. பெரியவள் கைப்பையைக்கூட எடுக்காமல் வெளியே வந்தாள். பட்டப்பகல். நல்ல வெயில். ரோட்டில் போகிறவர்கள் எல்லோரும் தன்னையே பார்க்கிற மாதிரி, பார்த்ததுமே புரிந்துகொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிற மாதிரி அவளுக்குத் தோன்றியது.

நடக்க நடக்க அவள் நடத்திய பாடமெல்லாம் ஒவ்வொன்றாக அவளிடமே திரும்பி வந்தது. பசுங்கணிகமும் ஒரு காலத்தில் தனி உயிர்தான். கடலில் தன்பாட்டுக்கு வெயிலைக் குடித்துக்கொண்டு திரிந்தது. பெரிய உயிர் ஒன்று அதை விழுங்கியது. செரிக்கவில்லை. உள்ளேயே வைத்து வேலை வாங்கியது. இனி வெளியே போனாலும் பிழைக்க முடியாதபடி அதன் சாமான்களை ஒவ்வொன்றாக வாங்கித் தன் பெட்டியில் வைத்துக்கொண்டது. சாகவிடவில்லை, போகவும் விடவில்லை. இந்த இடத்தில் வகுப்பில் யாராவது, அது நட்பா மேடம் என்று கேட்பார்கள். ஆமாம், ரெண்டு பேருக்கும் லாபம்தானே என்று அவள் சொல்வாள். எத்தனை வருடமாக அப்படியே சொல்லிக்கொண்டிருக்கிறாள்!

சொல்லிவிட வேண்டும். இன்றைக்கே, இந்த நிமிஷமே. போன் வந்தது, நான்தான் மறைத்தேன், கிளம்பு. கையில் பெட்டியைக் கொடுத்து, தேவைப்பட்டால் தூக்கிக்கொண்டு போயாவது வண்டியில் ஏற்றிவிட வேண்டும். ஜன்னல்களைத் திறந்துவிட வேண்டும். குளவி வந்தால் வரட்டும்.

வீட்டு வாசலில் நின்றாள். சமையலறை ஜன்னலின் கண்ணாடி வெளிப்புறத்தில் சாம்பல் அப்பிய மாதிரி இருந்தது. சாம்பல் நகர்ந்தது. குளவிகள். ஆயிரமா, பத்தாயிரமா, கண்ணாடி தெரியாத அளவுக்கு. பொடி ஊசிகள் கண்ணாடியைத் தட்டுகிற சத்தம் மெல்லிய மழை மாதிரி கேட்டது.

கதவைத் திறந்தாள். வாசனை கண்ணைக் கரித்தது. மூச்சை இழுக்கவே முடியவில்லை. அவளுக்கு முதல்முறையாக அந்த வாசனை காதிலும் கேட்டது.

சின்னவள் சமையலறையில் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். குளவிகளுக்கு இடையில் விட்ட சந்துகளில் வெயில் உள்ளே வந்து, அவள் முதுகில் பட்டு, முன்னால் வந்தது. அவள் வழியாகவே வந்தது. கழுத்து, மார்பு, தோள் எல்லாம் மஞ்சளாய் ஒளிர்ந்தன. நரம்புகள் கிளை கிளையாகத் தெரிந்தன. மடியில் ஒரு தட்டு, தட்டில் சூப்புக் கிண்ணம். கைகள் மட்டும் தளதளவென்று ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தன.

"சீக்கிரம் வந்துட்டியேக்கா." உதடு அசைந்ததா என்று தெரியவில்லை. "டப்பாவைச் சாப்பிட்டியா?"

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"நான்..."

கோட்டுப் பையில் போன் அடித்தது.

அவள் அழித்த நம்பர்தான். அழித்தால் என்ன, மனப்பாடம் ஆகியிருந்தது. எடுத்தாள்.

"உங்க தங்கச்சிக்கு இப்ப எப்படி இருக்கு?" மேலாளரம்மாவின் குரலுக்குப் பின்னால் குழந்தைகளின் கூச்சல், தண்ணீரில் யாரோ குதிக்கிற சத்தம். "நடக்க முடியலைன்னாலும் பரவாயில்லை. நாங்களே வண்டி அனுப்பறோம். இங்க நல்ல டாக்டர் இருக்காங்க, கடல் காத்து இருக்கு. வரச் சொல்லுங்க. என்ன சொல்றீங்க?"

நாற்காலியில் சரசரப்பு. சின்னவளின் கழுத்து மெல்ல, மிக மெல்லத் திரும்பியது. வெளுத்துப்போன கண்களில் எங்கிருந்தோ ஒரு சொட்டு வெளிச்சம்.

"அக்கா." காற்று. "அவங்களா?"

ஒரு வார்த்தை போதும். ஆமாம். அவ்வளவுதான். ஒரு வார்த்தையும் ஒரு ஜன்னல் தாழும்.

கைகள் ரொட்டியைச் சூப்பில் தோய்த்தன. ஆவி பறந்தது. பெரியவளின் வயிறு சுருண்டு இழுத்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. நாளைக்கு? நாளன்றைக்கு? உப்பு எந்த டப்பாவில்?

"இல்லைங்க" என்றாள் போனில். "இன்னும் சரியாகலை. வேற ஆளைப் பார்த்துக்குங்க."

இந்தத் தடவை அது பொய்யும் இல்லை.

போனை வைத்தாள். தங்கையின் முகத்தைப் பார்க்காமல், தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ராங் நம்பர்."

டக்.

சின்னச் சத்தம்தான். காம்பு விட்டுப்போகிற சத்தம். அவள் ஆயிரம் தடவை தோட்டத்தில் கேட்டது.

தலை ஒரு பக்கம் சாய்ந்து நின்றுவிட்டது. கண்ணில் இருந்த சொட்டு வெளிச்சம் இல்லை. மார்பு ஏறவில்லை. இறங்கவில்லை.

வாசனை நின்றது.

குறையவில்லை, நின்றது. அலறிக்கொண்டிருந்த ஒருவரின் வாயைப் பொத்திய மாதிரி. வீட்டில் இப்போது சூப்பின் மணம் மட்டும்.

ஜன்னலில் மழைச் சத்தமும் ஓய்ந்தது. ஒரு குளவி பறந்தது. இன்னொன்று. கூப்பிடுகிற குரல் இல்லாத இடத்தில் அவற்றுக்கு என்ன வேலை? கண்ணாடி வெறிச்சோடியது. வெயில் தடையில்லாமல் உள்ளே வந்தது.

"பாப்பா" என்றாள் பெரியவள். குழந்தையாக இருந்தபோது கூப்பிட்ட பெயர். "ஏய், பாப்பா."



கைகள் அசைந்தன.

வலது கை தட்டை ஓரமாக நகர்த்தியது. இடது கை முழங்காலைத் தட்டியது. தினமும் தலைவாரக் கூப்பிடுகிற அதே தட்டல். வா, உக்காரு. தட்டியபோது முழங்கால் கொஞ்சம் நொறுங்கி உதிர்ந்தது. கை பொருட்படுத்தவில்லை. மறுபடியும் தட்டியது. சிவந்த, வெதுவெதுப்பான, நகம் பளபளக்கிற கை.

ஓட வேண்டும். கத்த வேண்டும். யாரையாவது கூப்பிட வேண்டும். கூப்பிட்டு என்ன சொல்வாள்?

வெட்கம். கால் விரலிலிருந்து உச்சந்தலை வரைக்கும் வெட்கம். நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. கூனிக் குறுகித் தரையில் உட்கார்ந்தாள். முழங்காலை வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். முதுகை வளைத்தாள். தலையை அந்த மடியில் வைத்தாள். கனமில்லாத, மொறுமொறுத்த மடி. வெயில் மஞ்சளாய் அவளைச் சுற்றி நிறைந்தது. நடுவில் அவள் மட்டும் கருப்பாக, சுருண்டு.

ஒரு கை அவள் முடியைக் கோதியது. இதமாக இருந்தது. அதுதான் பொறுக்க முடியவில்லை.

இன்னொரு கை ஒரு துண்டு ரொட்டியைத் தோய்த்து, சொட்டாமல் வழித்து, அவள் உதட்டருகே கொண்டுவந்து பிடித்தது. காத்திருந்தது.

பெரியவள் அழுதாள். அழுதுகொண்டே வாயைத் திறந்தாள்.